சப்பாத்து விற்க வந்த கிழவர்

ஜெர்மன் சண்டை ஆரம்பிப்பதற்கு முந்தின வருஷம், தை மாதத்தில் ஒரு காலை நேரம், நானும் என் மனைவியும் திருநெல்வேலிப் பாலம் ஸ்டேஷனில் ரயிலை விட்டு இறங்கினோம். கையில் ஒரு தகரப் பெட்டி, ஒரு சாக்கு மூட்டை. அந்த ஊரில் எங்களுக்குத் தெரிந்தவர் என்று ஒரே ஓர் ஆள்தான். அவரையும் நான் அதற்கு முன் ஒரு தடவைதான் பார்த்திருந்தேன்.

எனக்கு அப்போது இருபத்தேழு வயது. தஞ்சாவூர் ஜில்லாக்காரன். பத்து வருஷம் நாடகக் கம்பெனியில் கட்டியக்காரன் வேஷம் போட்டவன். திரை தூக்குவதற்கு முன்னால் மேடைக்கு வந்து, சபையைச் சிரிக்க வைத்து, கதையை எடுத்துச் சொல்வது என் வேலை. குரல் எனக்குக் கடவுள் கொடுத்தது. மூவாயிரம் பேர் உட்கார்ந்திருக்கும் கொட்டகையில் கடைசி ஆளுக்கும் கேட்கும். அதில் எனக்குக் கர்வம் உண்டு என்பதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன்.

தூத்துக்குடியில் டேரா போட்டிருந்தபோது கம்பெனி உடைந்தது. முதலாளி நன்றாகப் பாடுகிற நாலு பேரை மட்டும் கூட்டிக்கொண்டு கொழும்புக்குக் கப்பல் ஏறிவிட்டார். மற்றவர்கள் திசைக்கு ஒருவராகப் போனோம். என் மனைவிக்கு அப்போது ஐந்தாவது மாதம். கலியாணமான நாளிலிருந்து என்னோடு ஊர் ஊராக அலைந்தவள் அவள். எந்த ஊரிலும் ஆறு மாதத்துக்கு மேல் ஒரே அடுப்பில் சமைத்ததில்லை. கம்பெனி போன அன்றைக்கு அவள் அழவில்லை. "இனிமே டேரா கெடையாதுங்க. பொறக்கப்போற புள்ளைக்கு ஒரு வீட்டு வாசல் வேணும்" என்றாள். அவ்வளவுதான். அதற்குமேல் அந்தப் பேச்சை அவள் எடுக்கவில்லை, விடவும் இல்லை.

அந்த நேரத்தில்தான் திருநெல்வேலியிலிருந்து ஒரு கடிதம் வந்தது. டவுனில் அரிசி மண்டி வைத்திருந்த ஒரு அண்ணாச்சி எழுதியிருந்தார். தூத்துக்குடியில் எங்கள் நாடகத்தை ஒரு நாள் பார்த்தவர், என்னைக் கூப்பிட்டுப் பேசியும் இருந்தார். ஊர் ஊராகப் படம் காட்டிக்கொண்டு வந்த ஒரு வெள்ளைக்காரர் தூத்துக்குடியில் காய்ச்சலில் படுத்து, ஊருக்கே திரும்பிவிடுவது என்று முடிவு செய்தபோது, அவருடைய பயாஸ்கோப்பு மெஷினையும் ஏழெட்டுப் படச் சுருள்களையும் அண்ணாச்சி வாங்கிவிட்டாராம். வண்ணார்பேட்டையில் ஆற்றங்கரைப் பொட்டலில் கூடாரம் அடித்துவிட்டாராம். மெஷின் சுற்ற ஆள் இருக்கிறது. திரைக்குப் பக்கத்தில் நின்று கதை சொல்ல ஆள் இல்லை. அந்தக் காலத்துப் படங்களுக்குப் பேச்சு கிடையாது என்பது உங்களுக்குத் தெரியும். நடுநடுவே இங்கிலீஷில் எழுத்து வரும். அதையும் படிக்கத் தெரிந்தவர்கள் கூடாரத்தில் நாலு பேர் இருந்தால் அதிகம். ஆகையால் ஒருவன் நின்று சொன்னால்தான் ஜனங்களுக்கு விளங்கும். வந்து ஊரைப் பார்த்து, ஒரு நாள் படத்துக்குக் கதை சொல்லிக் காட்டும்படியும், இரண்டு பேருக்கும் பிடித்திருந்தால் அங்கேயே குடியேறிவிடலாம் என்றும் எழுதியிருந்தார்.

போன அன்றைக்கு எங்களுக்கு எல்லாமே பிடித்தது. தை மாதத்து ஆறு. தண்ணீர் தெளிந்து, கரை நிறைய ஓடிக்கொண்டிருந்தது. அண்ணாச்சியின் கணக்குப்பிள்ளை வண்ணார்பேட்டையில் ஒரு வீடு காட்டினார். இரண்டு அறை, பின்னால் ஒரு முற்றம், முற்றத்தில் ஒரு முருங்கை. என் மனைவி ஒரு செம்புத் தண்ணீரை முற்றத்தில் ஊற்றி, அது எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பார்த்தாள். தண்ணீர் சுவரைப் பார்த்து வராமல் வெளியே ஓடியது. அடுப்படிக்குள் போய் நின்று புகை போகிற வழியைப் பார்த்தாள். பிறகு என்னிடம் வந்து, வேறு வீடு பார்க்க வேண்டாம் என்றாள்.

அன்று சாயங்காலம் அண்ணாச்சி என்னைக் கூடாரத்துக்குக் கூப்பிட்டார். மறுநாள் நான் கதை சொல்ல வேண்டிய படத்தை அன்றைக்கும் ஓட்டப்போவதாகவும், உட்கார்ந்து ஒரு தரம் பார்த்துக்கொள்வது நல்லது என்றும் சொன்னார். நான் சிரித்தேன். பத்து வருஷம் நாடகத்தில் நின்றவன், ஊமைப் படம் ஒன்றைப் பார்த்த மாத்திரத்தில் சொல்ல முடியாதா என்று கேட்டேன். மெஷின் சுற்றுகிறவரிடம் கதைச் சுருக்கத்தை மட்டும் கேட்டுக்கொண்டேன். ஒரு பெண் சிப்பாயோடு ஓடிப்போகிறாள், சிப்பாய் சண்டையில் செத்துப்போகிறான், அவள் கஷ்டப்படுகிறாள் என்றார். கடைசியில் என்ன ஆகிறது என்று கேட்டதற்கு, கடைசிச் சுருளின் முடிவு அறுந்து போய்விட்டது என்றும், அவள் வாசலில் நிற்பதோடு படம் நின்றுவிடும் என்றும் சொன்னார். எனக்கு அது போதும் என்று தோன்றியது. நெல்லையப்பர் கோயிலுக்குப் போய்க் கும்பிட்டுவிட்டு, சத்திரத்தில் நன்றாகத் தூங்கினேன்.

மறுநாள் பொழுது சாயும்போது கூடாரம் நிறைந்துவிட்டது. ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம், நடுவில் இடுப்பு உயரத்துக்கு ஒரு மூங்கில் தட்டி. பெண்கள் பக்கத்தில் முன்வரிசையில், வெள்ளைச் சேலை கட்டிய ஒரு அம்மாளோடு பத்துப் பதினைந்து பெண்கள் வந்து அமைதியாக உட்கார்ந்தார்கள். பாளையங்கோட்டையில் காது கேளாத பிள்ளைகளுக்கென்று மிஷன்காரர்கள் நடத்தும் பள்ளிக்கூடத்திலிருந்து வந்தவர்கள் என்று அண்ணாச்சி சொன்னார். அவர் சொன்ன வார்த்தை வேறு. அந்தக் காலத்தில் அவர்களைப் பற்றிப் பேசிய விதமே வேறு. என் குரல் கேட்காதவர்களுக்கு முன்வரிசை எதற்கு என்று நான் மனத்துக்குள் நினைத்துக்கொண்டேன்.

அந்த மெஷினுக்கு, சுண்ணாம்புக் கட்டியை வாயுவில் பழுக்கக் காய்ச்சி எடுக்கிற வெளிச்சம்தான். படம் பளிச்சென்று தெரிவதற்காகத் திரைத்துணியில் தண்ணீர் தெளித்து நனைத்திருந்தார்கள். நான் கையில் ஒரு பிரம்போடு திரைக்கு ஓரமாக, ஜனங்களைப் பார்த்து நின்றுகொண்டேன்.

முதல் சுருள் நன்றாகப் போயிற்று. கடற்கரைக் கிராமம், கறுத்த தாடி வைத்த ஒரு செம்படவர், அவருடைய மகள், அவளைப் பார்க்க வரும் சிப்பாய். சிப்பாயை நான் மதுரைக் குதிரைக்காரன் மாதிரி பேச வைத்தேன். கூடாரம் சிரித்தது. இரண்டாம் சுருளில் அவள் பட்டணத்தில் துணி தேய்த்துப் பிழைக்கிறாள். புருஷன் செத்ததாகக் கடுதாசி வருகிறது. அதற்கு ஒரு ஒப்பாரி பாடினேன். பெண்கள் பக்கம் மூக்கு உறிஞ்சும் சத்தம் கேட்டது. எனக்கு உற்சாகம் பொங்கிவிட்டது.

மூன்றாம் சுருளில்தான் வினை. பனி கொட்டுகிற ஒரு தெரு. வெள்ளைத் தாடிக் கிழவர் ஒருவர் தோளில் பையோடு வருகிறார். அவளுடைய கதவுக்கு முன்னால் நிற்கிறார். பையிலிருந்து ஒரு ஜோடி சின்னக் குழந்தைச் சப்பாத்தை எடுத்துப் படியில் வைக்கிறார். எனக்கு அந்த மனிதர் யார் என்று தெரியாது. பை இருக்கிறது, சப்பாத்து இருக்கிறது, வீட்டு வாசலில் நிற்கிறார். யோசிக்க நேரம் இல்லை. சப்பாத்து விற்கிற கிழவனாக்கிவிட்டேன். தெருவில் கூவி விற்கிறவன் போல இழுத்து, "அம்மா தாயே, சப்பாத்து வாங்கலையோ, பனியில நடந்தா காலு விறைச்சுப் போகும்" என்று கூவினேன். ஆண்கள் பக்கம் ஒரே சிரிப்பு. கிழவர் சப்பாத்தைப் படியிலேயே விட்டுவிட்டுத் திரும்பிப் போகத் தொடங்கினார்.

அப்போது நடுவிலிருந்து ஒருவர் நிதானமாகக் கேட்டார்.

"ஏன்வே, வியாபாரி துட்டு வாங்காமலா போவான்?"

நான் விடவில்லை. அது துரைமார் ஊர், அங்கே சரக்கை இன்றைக்கு வைத்துவிட்டு நாளைக்குத்தான் துட்டு வாங்குவார்கள் என்றேன். மறுபடி சிரிப்பு எழுந்தது. ஆனால் இந்தத் தடவை சிரிப்பு பாதியிலேயே அறுந்தது. எல்லாரும் பெண்கள் பக்கத்து முன்வரிசையைப் பார்த்தார்கள். நானும் திரும்பினேன். அந்தக் காது கேளாத பெண்கள் அத்தனை பேரும் அழுதுகொண்டிருந்தார்கள். சத்தம் இல்லை. திரை வெளிச்சம் அவர்கள் முகத்தில் பட்டு, கன்னமெல்லாம் ஈரமாக மின்னியது. திரையில் செம்படவர் மகள் கதவைத் திறந்து, சப்பாத்தைக் கையில் எடுத்து, வாசலில் நின்றாள். சுருள் முடிந்தது. ஒருவரும் கை தட்டவில்லை.

ஜனங்கள் கலைந்த பிறகு அண்ணாச்சி என்னிடம் வந்தார். கோபமாகப் பேசவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"உம்ம குரலு வெங்கல மணிதான், அதுல சந்தேகமில்ல. ஆனா அங்கன நடக்கது ஒண்ணு, நீரு சொல்லுதது ஒண்ணுவே. என்னன்னு எனக்குச் சொல்லத் தெரியல. காலை வண்டிக்கே போயிரும்" என்றார்.

நான் இன்னும் ஒரு சாயங்காலம் கேட்டேன். அவர் தலையை ஆட்டினார். நான் நகரவில்லை. அவர் விளக்கை எடுத்துக்கொண்டு நடந்தார். நானும் கூடவே நடந்தேன். சம்பளம் வேண்டாம், சாப்பாடு வேண்டாம், நாளைக்கு ஒரு நாள் மட்டும் நிற்க விடுங்கள் என்றேன். கூடார வாசலில் நின்று கொஞ்ச நேரம் என்னைப் பார்த்தார். "நாளைக்கு ஒரு நாளு. அதுக்கு மேல கேக்கக் கூடாது" என்றார். காலையில் படத்தை ஒரு தரம் ஓட்டிக் காட்ட முடியுமா என்று கேட்டேன். பகலில் கூடாரத்துக்குள் வெளிச்சம் வரும், படம் தெரியாது. வாயுவும் ஒரு காட்சிக்குத்தான் இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

சத்திரத்தில் எனக்குத் தூக்கம் வரவில்லை. அந்தப் பெண்களை யாரும் கூட்டி வராமல் இருந்தால் எல்லாம் சரியாகப் போயிருக்கும் என்று புலம்பினேன். என் மனைவி சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

விடிந்ததும் ஆற்றுக்குக் குளிக்கப் போனோம். படித்துறையில் துணியைத் துவைத்துக்கொண்டே அவள் பேச ஆரம்பித்தாள். பெண்கள் பக்கத்தில் அந்தப் பிள்ளைகளுக்குப் பின்வரிசையில்தான் அவள் உட்கார்ந்திருந்தாளாம். கிழவர் தெருவில் நடந்து வரும்போதே, அவர் கதவுக்கு வருவதற்கு முன்பே, அவர்களில் ஒருத்தி பக்கத்தில் இருந்தவள் தோளைப் பிடித்துக்கொண்டாளாம்.

"அவங்களுக்கு அந்தப் பெரியவர் யாருன்னு தெரிஞ்சிருக்குங்க. உங்களுக்குத்தான் தெரியல. போய்க் கேளுங்க" என்றாள்.

வாயில்லாதவர்களிடம் போய் என்ன கேட்பது என்று நான் எரிந்து விழுந்தேன். அவள் துணியைப் பிழிந்து தோளில் போட்டுக்கொண்டாள். மறுபடியும் தோற்றுவிட்டு ஸ்டேஷனுக்குத் திரும்பத் தான் வரப்போவதில்லை என்றும், பாளையங்கோட்டைக்கு வழி கேட்டு வைத்திருப்பதாகவும், நான் வராவிட்டால் தானே போவதாகவும் சொன்னாள். ஐந்து மாத வயிற்றோடு அவள் முன்னால் நடந்தாள். நான் பின்னால் நடந்தேன். உண்மையைச் சொன்னால் அன்றைக்கு என்னைவிட அவளுக்குத்தான் பிடிவாதம் அதிகம்.

பள்ளிக்கூடம் மரங்களுக்கு நடுவில் இருந்தது. முந்தின நாள் வந்திருந்த வெள்ளைச் சேலை அம்மாள் வெளியே வந்தார். அவர் காது கேட்கிற ஆசிரியை, ஐம்பது வயதிருக்கும். என்னைப் பார்த்ததும் அவர் முகம் கொஞ்சம் மாறியது. ஆனாலும் உட்காரச் சொல்லி, என் மனைவிக்கு மோர் கொண்டுவரச் செய்தார். நான் வந்த காரியத்தைச் சொன்னேன். அவர் சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு மெதுவாகப் பேசினார்.

"நேத்து நீங்க சொன்னதெல்லாம் நான் கேட்டேன். பிள்ளையளுக்குச் சொல்லல. பின்னால ஏன் சிரிச்சாங்கன்னு இன்னைக்குக் காலையில வரைக்கும் கேக்காங்க. என்னன்னு சொல்லுவேன்?"

நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவர் உள்ளே போய் ஒரு பெண்ணைக் கூட்டி வந்தார். இருபத்திரண்டு, இருபத்து மூன்று வயதிருக்கும். அதே பள்ளியில் படித்து, இப்போது அங்கேயே சின்னப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறாளாம். பிறவியிலேயே காது கேளாதவள். கையில் ஒரு சிலேட்டு வைத்திருந்தாள். முந்தின நாள் முன்வரிசையில் நடுவில் உட்கார்ந்திருந்தவள் அவள்தான் என்று என் மனைவி காதோடு சொன்னாள்.

அந்தப் பெண் என்னை உற்றுப் பார்த்தாள். சிலேட்டில் எழுதி நீட்டினாள். கையெழுத்து அச்சுப் போல இருந்தது. 'பெரியவர் வாசலில் நின்றபோது நீங்கள் என்ன சொன்னீர்கள்? ஏன் எல்லாரும் சிரித்தார்கள்?'

பக்கத்தில் நின்ற அம்மாள் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். நான் ஏதாவது பொய் எழுதியிருக்கலாம். பலப்பத்தை வாங்கி வெகு நேரம் கையில் வைத்திருந்தேன். ஆயிரம் பேருக்கு முன்னால் கூசாத எனக்கு அந்த ஒரு வரியை எழுதக் கை வரவில்லை. என் மனைவி என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கடைசியில் எழுதினேன். 'சப்பாத்து விற்கிறவன் என்று சொன்னேன்.'

அவள் படித்தாள். கோபப்படவும் இல்லை, சிரிக்கவும் இல்லை. இரண்டாம் தடவை படித்தாள். பிறகு சிலேட்டை உள்ளங்கையால் துடைத்து, படியில் வைத்துவிட்டு, முற்றத்து வெயிலில் போய் நின்றாள்.

அன்றைக்கு நான் பார்த்ததை எப்படிச் சொல்லுவேன்? அவள் படத்தை முதலிலிருந்து கடைசி வரை செய்து காட்டினாள். பேச்சில்லை, வேஷமில்லை. முகத்தில் விரல்களை விரித்தாள், தாடி வந்தது. கூந்தலைத் தொட்டுக் காட்டினாள், அந்தத் தாடி கறுப்பு. தோளைச் சரித்து நடந்தாள், அந்தச் செம்படவர் வலையோடு வந்தார். சுவரில் ஓர் ஆணி. அதில் எதையோ இரண்டை மாட்டினாள். கையை முழங்கால் உயரத்துக்கு இறக்கி, குழந்தை தத்தி நடப்பது போல் இரண்டு விரலால் நடந்து காட்டினாள். அப்போதுதான் எனக்குப் புரிந்தது. முதல் சுருளில் அந்த வீட்டுச் சுவரில் சப்பாத்து தொங்கியிருக்கிறது. நான் பார்க்கவே இல்லை.

மகள் சிப்பாயோடு போகிறாள். அப்பா வாசலில் நிற்கிறார். செய்து காட்டியவளின் வலது கை மெதுவாக மேலே எழுந்தது. மகளைத் திரும்பக் கூப்பிடப் போகிற கை. பாதி உயரத்தில் நின்றது. விரல்கள் மடங்கின. கை கீழே இறங்கிவிட்டது.

பிறகு பட்டணம், துணி தேய்ப்பது, கடுதாசி. எல்லாவற்றையும் அவள் சுருக்கமாகக் காட்டினாள். பிறகு பனி. முகத்தில் மறுபடியும் தாடி; இந்தத் தடவை தரையில் கிடந்த சுண்ணாம்புத் துண்டைத் தொட்டுக் காட்டினாள், தாடி வெள்ளை. தோள் அதே சரிவு. கதவுக்கு முன்னால் வந்து நின்றாள். தட்டுவதற்காக வலது கை எழுந்தது. பாதி உயரத்தில் நின்றது. விரல்கள் மடங்கின. கை கீழே இறங்கியது.

என் மனைவி விசும்பியதைக் கேட்டேன். எனக்குக் கண் மறைத்துவிட்டது.

அவள் வந்து சிலேட்டை எடுத்தாள். அவர் அப்பா என்று எப்படிக் கண்டுபிடித்தாள் என்று நான் எழுதிக் கேட்டேன். தெரிந்த விஷயத்தை ஏன் கேட்கிறேன் என்பது போல் பார்த்துவிட்டு எழுதினாள். 'கை ஒன்றுதானே.' அதற்குக் கீழேயே இன்னொரு வரி. 'நீங்கள் படத்தைப் பார்க்கவில்லை. ஜனங்களையே பார்த்துக்கொண்டிருந்தீர்கள்.'

நான் அவளைக் கும்பிட்டேன். இன்னும் ஒரு தரம் செய்து காட்ட முடியுமா என்று எழுதினேன். அவள் அலுத்துக்கொள்ளவில்லை, மறுபடியும் முற்றத்துக்குப் போனாள். அதற்குப் பிறகு நானே எழுந்து செய்து காட்டினேன். நான் தப்பாகச் செய்த இடங்களில் என் கையைப் பார்த்துத் தலையை ஆட்டினாள். செம்படவர் நடையை அவள் சரி என்று சொல்வதற்குள் உச்சிப் பொழுது தாண்டிவிட்டது. சின்னப் பிள்ளைகள் ஜன்னலில் கூடி என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு எனக்கு வேண்டியதாகவே இருந்தது.

சாயங்காலம் கூடாரத்துக்குப் போனேன். பள்ளிக்கூடத்துப் பெண்கள் அன்றைக்கு வரவில்லை. இரண்டாம் நாள் அனுப்ப மாட்டார்கள். முந்தின நாள் வந்த ஆண்களில் பல பேர் மறுபடி வந்திருந்தார்கள். சப்பாத்து வியாபாரியைக் கேலி செய்யவே வந்தவர்கள் என்று அவர்கள் பேச்சிலிருந்து தெரிந்தது. அண்ணாச்சி கையைக் கட்டிக்கொண்டு பின்னால் நின்றார்.  நான் ஒன்று மட்டும் நிச்சயம் செய்துகொண்டேன். ஜனங்களைப் பார்த்து நிற்காமல், திரையைப் பார்க்கிற மாதிரி ஓரமாகத் திரும்பி நின்றுகொண்டேன்.

குறைவாகத்தான் பேசினேன். குதிரைக்காரன் பேச்சு இல்லை, ஒப்பாரி இல்லை. ஆணியில் தொங்கிய சப்பாத்தைப் பிரம்பால் தொட்டு, "மகள் முதல் முதல் நடந்தபோது போட்டது, அப்பா இன்னும் எடுத்து வைக்கவில்லை" என்றேன். அப்பாவின் கை எழுந்து இறங்கியபோது, "கூப்பிட நினைத்தார்" என்று மட்டும் சொன்னேன். நடுவிலிருந்து ஒருவர், வியாபாரி எப்போது வருவான் என்று கேட்டார். சில பேர் சிரித்தார்கள். நான் பதில் சொல்லவில்லை. பத்து வருஷத்தில் சபையிலிருந்து வந்த கேலிக்கு நான் பதில் சொல்லாமல் நின்றது அன்றைக்குத்தான்.

பனித் தெரு வந்தது. வெள்ளைத் தாடிக் கிழவர் தோளைச் சரித்துக்கொண்டு நடந்து வந்தார். வாயை மூடிக்கொண்டேன். அப்பா வந்துவிட்டார் என்று சொல்லிவிட நாக்கு துடித்தது. பற்களைக் கடித்துக்கொண்டு நின்றேன். மெஷின் சுற்றுகிற சத்தம் மட்டும் கேட்டது. கிழவர் கதவுக்கு முன்னால் நின்றார். கை எழுந்தது. பாதியில் நின்றது.

கூடாரத்தின் நடுவிலிருந்து, கேலி வந்த அதே பக்கத்திலிருந்து, ஒரு குரல் தனக்குத்தானே பேசுவது போல வந்தது.

"ஏலே, அது அவ அப்பன்லா."

அந்த வார்த்தை வரிசை வரிசையாகப் பின்னால் போனதை நான் காதால் கேட்டேன். அப்பன், அவ அப்பன், அப்பன்தான். கிழவர் சப்பாத்தைப் படியில் வைத்துவிட்டுத் திரும்பியபோது, பெண்கள் பக்கத்தில் ஒருத்தி அவரைப் பார்த்து, "போகாதியும்யா" என்றாள். கதவு திறந்தது. மகள் சப்பாத்தை எடுத்து வாசலில் நின்றாள். சுருள் அறுந்தது. ஒருவரும் எழுந்திருக்கவில்லை. அவள் ஓடிப்போய் அவரைப் பிடித்தாளா என்று ஒரு பெரியவர் என்னைக் கேட்டார். எனக்குத் தெரியாது, ஐயா என்றேன். அதுதான் உண்மை.

அண்ணாச்சி கிட்டே வந்தார். நேற்றைக்கும் இன்றைக்கும் நடுவில் என்ன ஆயிற்று என்று கேட்டார். நான் பாளையங்கோட்டைக்குப் போனதை ஒளிக்காமல் சொன்னேன். கேட்டுவிட்டு விளக்கைக் கையில் எடுத்துக்கொண்டார். பிறகு என் மனைவியின் பக்கம் திரும்பி, "வீட்டுச் சாவி கணக்குப்பிள்ளைகிட்ட இருக்கு தாயி. காலையில வாங்கிக்கிடுங்க" என்றார்.

சித்திரையின் கடைசியில் அந்த முருங்கை முற்றத்து வீட்டில் எங்களுக்குப் பெண் குழந்தை பிறந்தது. ஆற்றங்கரைக் கூடாரத்தில் நான் ஏழு வருஷம் நின்றேன். சண்டைக் காலத்தில் புதுச் சுருள் வராமல் பழையதையே ஓட்டிக்கொண்டிருந்தோம், வெள்ளத்தில் ஒரு தடவை கூடாரமே போயிற்று, திரும்பவும் அடித்தோம். புதுப் படம் எது வந்தாலும் முதல் காட்சியில் நான் கதை சொல்ல மாட்டேன். அன்றைக்குப் பள்ளிக்கூடத்துப் பெண்களுக்கு முன்வரிசை என்று அண்ணாச்சி சட்டம் போட்டார். நான் தட்டிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து படத்தைப் பார்ப்பேன். மறுநாள் பாளையங்கோட்டைக்குப் போய் அந்த ஆசிரியைப் பெண்ணிடம் சிலேட்டில் கேட்பேன். நான் பார்க்கத் தவறியது ஏதாவது ஒன்று எல்லாப் படத்திலும் அவள் கண்ணில் பட்டிருக்கும். பிற்பாடு அவள் வேறு ஊரில் இதே மாதிரிப் பள்ளி ஒன்றுக்குப் போய்விட்டாள். போகும்போது வீட்டுக்கு வந்து என் மனைவியிடம் விடைபெற்றுக்கொண்டாள். என்னைப் பார்த்து வலது கையைப் பாதி உயரத்துக்குத் தூக்கி, அங்கேயே நிறுத்தாமல் முழுவதும் தூக்கி அசைத்துவிட்டு வண்டி ஏறினாள்.

இப்போது படமே பேசுகிறது. என்னைப் போன்றவனுக்கு அங்கே வேலை இல்லை, அதில் எனக்கு வருத்தமும் இல்லை. ஆனால் யாராவது என் எதிரில் வந்து உட்கார்ந்து தன் கஷ்டத்தைச் சொல்லத் தொடங்கும்போது, ஆறுதலாக நாலு வார்த்தை நாக்கின் நுனிக்கு வரும்போதெல்லாம், இந்த மனிதரை நான் இன்னும் சரியாகப் பார்க்கவில்லையோ என்று ஒரு பயம் வந்து என்னை நிறுத்துகிறது. அந்தப் பயம் கடைசி வரைக்கும் என்னை விட்டுப் போகக் கூடாது என்றுதான் நான் வேண்டிக்கொள்கிறேன்.